பழைய பிக்கப்: பானட் லாக் ஒட்டிக்குது, அமுக்கினாத்தான் திறக்குது

#1 · மாட்டுத்தாவணி லோடு

அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி 2007 மாடல் டீசல் பிக்கப். வாடிப்பட்டியில இருந்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு. மூணு வாரமா பானட் லாக் படுத்துது.

உள்ள லிவர் முன்னைவிட கனமா வருது. இழுத்தாலும் பானட் எழும்பல. ஒரு ஆள் முன்னால நின்னு பானட்டை உள்ளங்கையால அமுக்கணும், அதே நேரம் உள்ள ஒருத்தர் இழுக்கணும், அப்பத்தான் ‘டக்’னு விடுது. விடியக்காலம் ரொம்ப மோசம், மதியம் கொஞ்சம் பரவாயில்ல. இன்ஜின் ஆயில் ஊத்திப் பார்த்தாச்சு. ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, அப்புறம் பழையபடி, இன்னும் கூடுதலா ஒட்டுது. மூடும்போதும் ஓங்கிப் போட்டாத்தான் பிடிக்குது.

லாக்கை மொத்தமா மாத்திடவா? அடுத்த மாசம் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வேற இருக்கு.

#2 · அவனியாபுரம் மாப்ள

தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விடுங்க ப்ரோ. ஜோலி முடிஞ்சது.

#3 · பத்தாம் நம்பர் ஸ்பேனர்

மாப்ள, தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைய ஆரம்பிச்சிரும். மார்கழி விடியக்காலம் மதுரையிலயே அதுக்குக் கீழ இறங்கும். தம்பி வண்டி எடுக்கிற நேரமே அதுதான். உறையாத நாள்லயும் பிசுக்கா நின்னு தூசியப் பிடிக்கும், எறும்பு வேற வரும். தலைக்கு வைங்க, லாக்குக்கு வேண்டாம்.

லோடு தம்பி, லாக்கை மாத்துற முடிவை ஒரு ஓரமா வைங்க. நீங்க சொன்னதுலயே பாதி விடை இருக்கு. பானட் திறக்கலைன்னா தப்பு மூணே இடத்துலதான் இருக்கும்: லாக், ஒயர், இல்லன்னா பானட் உக்கார்ற இடம். எதுன்னு தெரியாம எண்ணெய் ஊத்தினா ரெண்டு நாள் ஏமாத்திட்டு மறுபடி வரும், இப்ப வந்த மாதிரி.

இதுக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். பானட்டைத் திறந்து ஸ்டாண்ட் கம்பியில நிறுத்துங்க. 2007 மாடல்னா அநேகமா பின் டைப் லாக்கா இருக்கும்: பானட் அடியில சுருள் ஸ்பிரிங்கோட ஒரு தடித்த பின் தொங்கும், கீழ ரேடியேட்டருக்கு மேல போற பட்டையில ஒரு ஓட்டை, ஓட்டைக்குள்ள பக்கவாட்டுல நகர்ற ஒரு நாக்கு. பின் இறங்கும்போது நாக்கைத் தள்ளிவிட்டு உள்ள போகும், நாக்கு திரும்பி வந்து பின்னோட கழுத்தைக் கவ்வும். லிவரை இழுத்தா ஒயர் நாக்கைப் பின்னால இழுக்கும், பின்ல இருக்கிற ஸ்பிரிங் பானட்டை மேல தள்ளும். அம்புட்டுதான் வித்தை.

இப்ப பானட் திறந்தே இருக்கட்டும். பின்னுக்குப் பதிலா ஸ்க்ரூ டிரைவர் தண்டை ஓட்டைக்குள்ள விட்டு நாக்கைத் தள்ளிப் பாருங்க. விட்ட உடனே நாக்கு சட்டுனு திரும்பி வரணும். சோம்பலா, நகர்ந்து நகர்ந்து வந்தா லாக்குல அழுக்கு, இல்லன்னா ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. அடுத்து ஒரு ஆளை லிவரை இழுக்கச் சொல்லுங்க, நீங்க நாக்கைப் பாருங்க. ஒயர் முனை நல்லா வந்தும் நாக்கு அசையலைன்னா லாக். ஒயர் முனையே பாதி தூரம்தான் வருதுன்னா ஒயர். ரெண்டுமே சுத்தமா வேலை செஞ்சு, பானட் மூடினா மட்டும் ஒட்டுதுன்னா லாக்கும் ஒயரும் நிரபராதி; பானட் உக்கார்றது சரியில்ல.

முக்கியமா ஒண்ணு. ஸ்க்ரூ டிரைவர் வச்சு அஞ்சாறு தடவை பிடிச்சு விட்டுப் பார்க்காம பானட்டை மூடவே கூடாது. கழட்டி மாட்டின லாக்கை ஆசையா மூடிட்டு, அப்புறம் திறக்க வழி தெரியாம கிரில்லை உடைக்கிற கதை நிறைய.

#4 · ஒத்தக்கடை டிப்பர்

ஸ்பேனர் அண்ணன் சொன்னது சரி. ஆயில் ஊத்தினா ஏன் கூடுதலா ஒட்டுதுன்னு மட்டும் நான் சொல்றேன். மேலூர் ரோட்டுல கிரானைட் லாரிக்குப் பின்னால போற வண்டியோட லாக்கைத் திறந்து விரலால வழிச்சுப் பாருங்க. சாம்பல் கலர்ல பசை மாதிரி வரும். அதை ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சா நறநறன்னு இருக்கும். கிரானைட் தூசியில குவார்ட்ஸ் இருக்கு, இரும்பை அராவுற சாமான். அதுல ஆயில் சேர்ந்தா வால்வு உக்கார வைக்கத் தேய்க்கிற பேஸ்ட் மாதிரியே வேலை செய்யும். நாக்கு போய் வர்ற தடம் தேய்ஞ்சு பள்ளமாயிடும், அந்தப் பள்ளத்துல நாக்கு மாட்டும். பழைய இன்ஜின் ஆயிலா இருந்தா அதுல ஏற்கெனவே கரி வேற.

அதனால முதல்ல உள்ள இருக்கிறதை வெளிய எடுக்கணும், அப்புறம்தான் புதுசு போடணும். மேலயே ஊத்திக்கிட்டே போனா அழுக்கு உள்ள போகுமே தவிர வெளிய வராது.

#5 · கரிசக்காடு

டி.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் ஓடுற வண்டிக்கு ஒரு திருத்தம். எங்க ஊர் கரிசல் மண்ணு லாக்குக்குள்ள போய்க் காஞ்சா சிமெண்ட் மாதிரி. அதை மண்ணெண்ணெய் ஊத்திக் கரைக்கப் பார்ப்பாங்க, கரையாது. களிமண்ணு தண்ணிக்குத்தான் இளகும். முதல்ல வெந்நீர் ஊத்தி டூத் பிரஷ்ஷால தேய்ச்சு மண்ணை வெளிய எடுங்க. டயர் கடையில காத்து பிடிச்சு நல்லா உலர விடுங்க. அதுக்கப்புறம் மண்ணெண்ணெய் ஊத்தினா கிரீஸ் பிசுக்கு போகும். முறையை மாத்தினா ரெண்டும் போகாது: மண்ணுக்கு மேல மண்ணெண்ணெய் பட்டா மேல பிசுபிசுன்னு ஒரு படலம் உக்காந்துரும், அப்புறம் தண்ணியும் உள்ள இறங்காது.

பெட்ரோல் வேண்டாம். பக்கத்துலயே பேட்டரி இருக்கு.

#6 · மாட்டுத்தாவணி லோடு

ஸ்க்ரூ டிரைவர் டெஸ்ட் செஞ்சாச்சு. நாக்கு சோம்பலாத்தான் திரும்புது, பாதி வழியில நின்னு நின்னு வருது. ஒயர் முனை நல்லா வருது, லிவர் பக்கம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு. ஆக லாக்கா?

பட்டை மேல வைக்கோல் துணுக்கு, தக்காளிக் காம்பு, வெங்காயச் சருகு எல்லாம் கிடக்கு.

#7 · பத்தாம் நம்பர் ஸ்பேனர்

பாதி லாக். மீதி இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

லாக்கை வண்டியில இருந்து கழட்டியே சுத்தம் பண்ணுங்க. மாட்டினபடி பிரஷ் போட்டா அடிப்பக்கம் அப்படியே இருக்கும். அநேகமா ரெண்டோ மூணோ போல்ட், தலை 10 இல்லன்னா 12. கழட்டுறதுக்கு முன்னாடி லாக் தகட்டைச் சுத்தி மார்க்கர் பேனாவால கோடு போட்டுருங்க. போல்ட் ஓட்டைகள் நீளவாக்குல இருக்கும். கோடு இல்லாம கழட்டினா திருப்பி அதே இடத்துல உக்கார வைக்க அரை நாள் போகும். துருப்பிடிச்ச போல்ட்டுன்னா டபிள்யூடி-40 அடிச்சுப் பத்து நிமிஷம் விடுங்க. அந்த இடத்துல வெல்டிங் நட்டு இருக்கும், முரட்டுத்தனமா திருகினா நட்டு பட்டையை விட்டுப் பிஞ்சு உள்ள சுத்த ஆரம்பிச்சிரும். ஒரு திருகு முன்னால, அரைத் திருகு பின்னால, அப்படிக் கழட்டுங்க.

ஒயரைக் கழட்டும்போது ரெண்டு பாகம்: வெளி உறை ஒரு கிளிப்புல மாட்டியிருக்கும், உள் ஒயரோட முனை நாக்குல ஒரு ஓட்டையிலயோ காடியிலயோ மாட்டியிருக்கும். முதல்ல உறையைக் கிளிப்புல இருந்து விடுவிங்க, ஒயர் தானா தளரும், அப்புறம் முனை சுலபமா வரும். ஒயர் முனையைக் கட்டிங் பிளேயரால வளைச்சு எடுக்காதீங்க; அந்த வளைவுலதான் நாளைக்கு இழை இழையாப் பிரியும்.

கழட்டின லாக்கை ஒரு தகர டப்பாவுல மண்ணெண்ணெய் விட்டு அரை மணி ஊற வைங்க. 200 மில்லி தாராளம். பிரஷ் போட்டு நாக்கை முன்னும் பின்னும் நகர்த்திக்கிட்டே இருங்க, கறுப்பு வர்றது நிக்கிற வரைக்கும். அப்புறம் புது மண்ணெண்ணெயில ஒரு முங்கு, வெயில்ல காய விடுங்க. காஞ்சபிறகு, எண்ணெய் எதுவும் போடாமயே, நாக்கு சட்டுனு திரும்பணும். இதுதான் சோதனை. எண்ணெய் போட்டாத்தான் ஓடுதுன்னா ஒண்ணு ஸ்பிரிங் போச்சு, இல்ல தகடு நெளிஞ்சிருக்கு.

ஸ்பிரிங் தளர்ந்திருந்தா அதை ஒரு சுத்து வெட்டி இழுத்து மாட்டுறது வேண்டாம். அதே நீளத்துல, அதே கம்பி கனத்துல வேற ஸ்பிரிங் போடுங்க. ஸ்பிரிங்கைக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போங்க.

கிரீஸ்: லித்தியம் கிரீஸ். ஒர்க்‌ஷாப்புல சாதாரணமா இருக்கிற ஏ.பி.3 போதும். எவ்வளவுன்னா, ஒரு பட்டாணி. நாக்கு ஓடுற தடத்துக்குப் பாதி, பின் உரசுற விளிம்புக்குப் பாதி, விரலால தடவி மீதியைத் துணியில துடைச்சிரணும். பளபளன்னு தெரியணும், பூசினது தெரியக்கூடாது. டபிள்யூடி-40 துருவை விடுவிக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது, ஆனா அதைக் கிரீஸா நினைச்சு அதோட நிறுத்தாதீங்க, சீக்கிரம் காய்ஞ்சிரும்.

#8 · ஒத்தக்கடை டிப்பர்

தூசி ரொம்ப அதிகமான ரூட்டுன்னா கிரீஸை விட கிராபைட் பொடி. ஈரப்பசை இல்லாததால தூசி ஒட்டாது. ஆனா மழைக்காலத்துல துருவைத் தடுக்காது. குவாரி வண்டிக்கு கிராபைட், காய்கறி வண்டிக்குக் கிரீஸ்.

#9 · அவனியாபுரம் மாப்ள

சரிண்ணே, தேங்காய் எண்ணெய் வாபஸ். நாக்கு நுனியை அரம் போட்டு லேசா மழுக்கிட்டா சுலபமா விடுமே? பட்டறையில அப்படித்தானே பண்றாங்க?

#10 · டிங்கர் பட்டறை

பண்றாங்க, பண்ணக்கூடாது.

நாக்கோட கவ்வுற முகம் ஒரு கோணத்துல வெட்டியிருக்கும். பானட் மேல தூக்கப் பார்த்தா அந்தக் கோணம் பின்னை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அந்த முகத்தை அரம் போட்டு உருட்டிட்டா, பானட் தூக்குற வேகத்துல பின் நாக்கைத் தானே தள்ளிட்டு வெளிய வரும். நின்ன வண்டியில ஒண்ணும் தெரியாது. நாலு வழிச்சாலையில 80-ல போகும்போது எதிர்க்காத்து பானட் அடியில புகுந்தா தெரியும். பானட் கண்ணாடியில வந்து சாத்தும், டிரைவருக்கு ரோடே தெரியாது.

அரம் போடலாம்னா ஒரே இடம்: மேல்முகம், பின் இறங்கும்போது சரிஞ்சு போற சாய்வு. அங்க பிசிறு இருந்தா நைஸ் எமரித்தாள்ல தடவிக்கலாம். அது மூடுறதுக்கு உதவும், திறக்கிறதுக்கு இல்ல.

வெல்டிங்கும் வேண்டாம். நாக்கும் ஸ்பிரிங்கும் பதம் போட்ட இரும்பு, சூடு பட்டா பதம் போயிரும். லாக் விட்டாலும் பானட் முழுசா எழும்பாம பிடிக்கிற சேஃப்டி கொக்கி ஆடுதுன்னு அதுல ஒரு பொட்டு வெல்டு வைக்கிறவங்களும் இருக்காங்க. கொக்கி மடங்காம நின்னா அது எதையும் பிடிக்காது.

#11 · மாட்டுத்தாவணி லோடு

லாக்கைக் கழட்டி ஊற வச்சு எடுத்தாச்சு. ரெண்டு தடவை மண்ணெண்ணெய் மாத்த வேண்டியிருந்துச்சு. காஞ்சபிறகு நாக்கு சுள்ளுனு அடிக்குது. மாட்டி, ஸ்க்ரூ டிரைவர் வச்சு பத்து தடவை பார்த்தேன், லிவர் இழுத்த உடனே விடுது. சந்தோஷமா மூடினா மறுபடி அமுக்கினாத்தான் திறக்குது! லிவர் கனம் மட்டும் குறைஞ்சிருக்கு.

#12 · பத்தாம் நம்பர் ஸ்பேனர்

மீதி இருக்குன்னு சொன்னது இதுதான் தம்பி. அமுக்கினா விடுதுன்னா என்ன அர்த்தம்? மூடியிருக்கும்போது ஏதோ ஒண்ணு பானட்டை மேல தள்ளிக்கிட்டே இருக்கு. அந்த பலத்துல பின்னோட கழுத்து நாக்கை மேல்நோக்கி இறுக்கி அழுத்துது. அவ்வளவு அழுத்தத்துல நாக்கு சறுக்க மாட்டேங்குது. அமுக்கினா சுமை இறங்குது, சறுக்குது. ஓங்கிப் போட்டாத்தான் பிடிக்குதுன்னு சொன்னீங்களே, அதுவும் இதே காரணம்தான்.

மேல தள்ளுறது ரெண்டுதான். ஒண்ணு பின்ல இருக்கிற சுருள் ஸ்பிரிங், அது தள்ளத்தான் இருக்கு. இன்னொண்ணு பானட் ஓரத்துல ரெண்டு மூலையிலயும் இருக்கிற ரப்பர் புஷ். அந்த ரப்பர் சமீபத்துல மாத்தினதா?

#13 · மாட்டுத்தாவணி லோடு

ஆமாண்ணே! ஒரு மாசம் முன்னாடி பானட் கடகடன்னு சத்தம் வருதுன்னு ரெண்டு ரப்பரும் புதுசு போட்டது. அந்த மாடலுக்கு இல்லன்னு வேற வண்டியோடதைத்தான் போட்டிருக்கு.

#14 · டிங்கர் பட்டறை

அப்ப ஆள் மாட்டிக்கிட்டான்.

பேப்பர் டெஸ்ட் பண்ணுங்க. தினசரி பேப்பர்ல ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழிச்சு ரப்பர் மேல வைங்க, பானட்டை மூடுங்க, துண்டை இழுங்க. லேசா பிடிச்சுக்கிட்டு வந்தா சரி. கிழிஞ்சு வந்தா ரப்பர் உயரம் அதிகம். காத்துல வர்ற மாதிரி வந்தா குறைவு, பானட் ஆடும், சத்தம் வரும். ரெண்டு பக்கமும் தனித்தனியா பாருங்க. ஒரு பக்கம் மட்டும் கிழிஞ்சா பானட் கோணலா உக்காருது.

மரை வச்ச ரப்பரா இருந்தா கீழ திருகி இறக்கிக்கலாம். குத்துற ரப்பரா இருந்தா பிளேடால மெல்லிசா சீவணும். ஒரு தடவைக்கு 1 எம்.எம்.முக்கு மேல சீவாதீங்க, சீவினதை ஒட்ட முடியாது.

#15 · கேபிள் காரன்

கூடவே பின் உயரத்தையும் பாருங்க. பின்னோட மேல் பக்கம் ஒரு லாக் நட் இருக்கும், பின் நுனியில ஸ்க்ரூ டிரைவர் காடி வெட்டியிருக்கும். நட்டைத் தளர்த்திட்டு பின்னைத் திருகலாம். பின்னை நீளமா இறக்கினா பானட் கொஞ்சம் மேலயே பூட்டிக்கும், இறுக்கம் குறையும். மேல ஏத்தினா பானட் இன்னும் கீழ போனாத்தான் பூட்டும், இறுக்கம் கூடும். நிறைய பேர் இதைத் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டு, ஒட்டுற லாக்கை இன்னும் இறுக்கிட்டு வர்றாங்க. 10 எம்.எம். சாதாரண மரைன்னா ஒரு சுத்துக்கு 1.5 எம்.எம். நகரும். ஒரு தடவைக்கு அரைச் சுத்து போதும்.

ரப்பரைச் சரி பண்ணாம பின்னை மட்டும் இறக்கினா பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல இடைவெளி மேலயே நிக்கும். மொதல்ல ரப்பர், அப்புறம் பின்.

#16 · டிங்கர் பட்டறை

பின் நேரா ஓட்டையில இறங்குதான்னு பார்க்க ஒரு வழி. வீட்டுக் குங்குமத்தை ரெண்டு சொட்டு எண்ணெயில குழைச்சு பின் நுனியைச் சுத்தி தடவுங்க. பானட்டை மெதுவா இறக்கி, பூட்டுறதுக்கு முன்னாடியே நிறுத்தித் தூக்குங்க. ஓட்டை விளிம்புல சிவப்பு எந்தப் பக்கம் ஒட்டியிருக்கோ அந்தப் பக்கம் இடிக்குது. இடதுபக்கம் சிவப்புன்னா லாக்கை இடதுபக்கம் நகர்த்தணும். போல்ட்டை முழுசா கழட்டாம, கையால தள்ளினா நகர்ற அளவுக்குத் தளர்த்தி 1, 2 எம்.எம். நகர்த்துங்க. 6 எம்.எம். போல்ட்டுன்னா டார்க் ரெஞ்சுல சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும்; அது கையில சின்ன ஸ்பேனர் பிடிச்சு மணிக்கட்டால இறுக்குற இறுக்கம்தான். நீளப் பைப் போட்டு இறுக்கினா மரை போயிரும்.

சிவப்பு முன்பக்கமோ பின்பக்கமோ கனமா ஒட்டியிருந்தா லாக்கைத் தொடாதீங்க, கீல் பக்கம் பாருங்க. கண்ணாடிப் பக்கம் இருக்கிற கீல் துருப்பிடிச்சு இறுகினாலும், பானட் மேல ஏறி நின்னு தார்ப்பாய் கட்டினதுல தகடு வளைஞ்சாலும் இப்படி வரும்.

#17 · கரிசக்காடு

பானட் மேல ஏறி நிக்கிறது இந்த ஊர்ல யாரும் விடப்போறதில்ல. வைக்கோல் கட்டு ஏத்துற நாள்ல அதுதான் ஏணி.

#18 · அவனியாபுரம் மாப்ள

ஒரு சந்தேகம். ஒயரே அறுந்துட்டா, பானட் மூடியிருக்கும்போது எப்படித் திறக்கிறது? கடப்பாரைதானா?

#19 · கேபிள் காரன்

கடப்பாரை கடைசியில கூட வேண்டாம். பானட் விளிம்பு ஒரு தடவை நெளிஞ்சா டிங்கர் கூலி லாக் விலையை விட அதிகம்.

முதல்ல எங்க அறுந்திருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் லிவர் பக்கத்து முனையிலதான் அறும், அங்கதான் வளைவு அதிகம். டாஷ்போர்டுக்கு அடியில லிவரைக் கழட்டினா உள் ஒயர் ஒரு துண்டு நீட்டிக்கிட்டு இருக்கும். அதை வைஸ் கிரிப்பால இறுக்கிப் பிடிச்சு, இன்னொரு கையால வெளி உறையை எதிர்ப்பக்கம் தள்ளிக்கிட்டே இழுங்க. உறையைப் பிடிக்காம இழுத்தா உறையும் சேர்ந்து வரும், பலம் லாக்குக்குப் போகாது. கூடவே ஒருத்தர் பானட்டை அமுக்கணும்.

லாக் பக்கம் அறுந்திருந்தா முன்னால கிரில் வழியாத்தான். நீளமான தட்டை ஸ்க்ரூ டிரைவரை விட்டு, ஒயர் எந்தப் பக்கம் இழுக்குமோ அந்தப் பக்கம் நாக்கைத் தள்ளணும். கைபோக இடம் இல்லன்னா கிரில்லைக் கழட்டுங்க. சில வண்டியில கிரில்லோட மேல் ஸ்க்ரூ பானட் திறந்தாத்தான் கிடைக்கும், அப்ப கீழ இருந்து ரேடியேட்டருக்கு முன்பக்கமா கம்பி விடணும். இன்ஜின் ஆறட்டும். சாவியை வெளிய எடுத்து பாக்கெட்ல வைங்க. கரண்ட்ல சுத்துற ஃபேன் வச்ச ரேடியேட்டர்னா சாவி எடுத்தபிறகும் ஃபேன் சுத்தக்கூடும், விரல் ஜாக்கிரதை.

இப்ப பானட் திறந்திருக்கிற நேரத்துலயே ஒரு வேலை செஞ்சு வச்சுக்கோங்க. நாக்கு எந்தப் பக்கம் போகணும்னு பட்டையில பெயிண்டால ஒரு அம்புக்குறி. இருட்டுல டார்ச் அடிச்சு கிரில் வழியா பார்த்தா அந்தக் குறி ஒண்ணுதான் துணை. சிலர் நாக்குல ரெண்டாவதா ஒரு ஒயர் மாட்டி அடியில மறைச்சு விடுறாங்க. நல்ல ஏற்பாடுதான், ஆனா பேட்டரி திருடுறவனுக்கும் அது நல்ல ஏற்பாடு. வெளிய நின்னு கை எட்டுற இடத்துல வேண்டாம்.

#20 · கேபிள் காரன்

ஒயர் மாத்துறவங்களுக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். பழைய ஒயரை உருவுறதுக்கு முன்னாடி அதோட லாக் முனையில ரெண்டரை மீட்டர் நைலான் கயிறு கட்டுங்க. கேபின் பக்கமா உருவினா கயிறு அதே பாதையில உக்காந்துரும். புது ஒயரை அந்தக் கயிறோட கட்டி முன்பக்கம் இழுத்தா முடிஞ்சது. கயிறு கட்டாம உருவினா, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தீத்தடுப்புத் தகட்டு ஓட்டையைத் தேடியே பொழுது போயிரும். அந்த ஓட்டையில ரப்பர் வளையம் கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா தகட்டு விளிம்பு உறையை அறுத்துரும். புகைக்குழாய் பக்கமும் கிளட்ச் பெடல் பக்கமும் ஒயர் போகக்கூடாது.

அவசரத்துக்கு சைக்கிள் பிரேக் ஒயர் போடலாம், உள் ஒயர் 1.5 எம்.எம். கனம் இருக்கும். கூர்மையான வளைவுல சீக்கிரம் இழை பிரியும், அதனால அது பட்டறை வரைக்கும் போறதுக்குத்தான்.

மாட்டினபிறகு லிவர்ல 2, 3 எம்.எம். தளர்வு இருக்கணும். ஒயர் விறைப்பா இருந்தா நாக்கு முழுசா திரும்பாது, அரைகுறையா கவ்வும். பூட்டின சத்தம் கேக்கும், பூட்டியிருக்காது. ஒட்டுறதை விட இது ஆபத்து.

ஒயருக்குள்ள கிரீஸ் திணிக்காதீங்க. மெல்லிசான தையல் மெஷின் எண்ணெய், மேல் முனையில இருந்து பத்துப் பதினஞ்சு சொட்டு, ஒயரை ஆட்டிக்கிட்டே. உள்ள நைலான் குழாய் வச்ச ஒயர்னா சிலிகான் ஸ்ப்ரே. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை, வாட்டர் சர்வீஸ் பண்ணின ஒவ்வொரு தடவையும். பிரஷர் தண்ணி உறைக்குள்ள போய், ஒயர் தொங்குற தாழ்வான இடத்துல தேங்கும். துரு அங்கதான் பிடிக்கும்.

#21 · மாட்டுத்தாவணி லோடு

பேப்பர் டெஸ்ட்: ரெண்டு பக்கமும் கிழிஞ்சது, டிரைவர் பக்கம் இன்னும் மோசம். ரப்பர் குத்துற டைப். டிரைவர் பக்கம் 3 எம்.எம்., கிளீனர் பக்கம் 2 எம்.எம். சீவியிருக்கு, கொஞ்சம் கொஞ்சமா. இப்ப துண்டு லேசா பிடிச்சுக்கிட்டு வருது. குங்குமம் வச்சதுல இடதுபக்கம் சிவப்பு, லாக்கை 2 எம்.எம். நகர்த்தியாச்சு. பின்னைத் தொடவே இல்ல.

ஒரு ஆளே ஒரு கையால லிவரை இழுத்தா பானட் எழும்பி சேஃப்டி கொக்கியில நிக்குது. மூடவும் ஓங்கிப் போட வேண்டியதில்ல.

#22 · பத்தாம் நம்பர் ஸ்பேனர்

நல்லது. எவ்வளவு உயரத்துல இருந்து விட்டா பூட்டுதுன்னு அளந்து பாருங்க. ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்துல கையை விட்டா தன் கனத்துலயே விழுந்து பூட்டணும். ரெண்டு சாணுக்கு மேல வேணும்னா இன்னும் இறுக்கம் இருக்கு. கையால அமுக்கிப் பூட்டுற பழக்கத்தை விட்டுருங்க, தகடு நடுவுல குழி விழும்.

சேஃப்டி கொக்கி சோதனை தனி. லிவரை இழுத்தபிறகு பானட் ரெண்டு விரல்கடை அளவு எழும்பி நிக்கணும். அந்த நிலையில முன் விளிம்பைப் பிடிச்சு மேல் நோக்கி நாலு தடவை பலமா ஆட்டுங்க. கொக்கி விடக்கூடாது. கொக்கியோட ஆணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், கொக்கியைத் தள்ளிவிட்டா தானா திரும்புதான்னு பாருங்க. எஃப்.சி.க்கு முன்னாடி வேற எதை விட்டாலும் இதை விடாதீங்க. 8 வருஷம் தாண்டின லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி.ங்கிறதால அதையே கணக்கா வச்சு லாக்கையும் வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டிச் சுத்தம் பண்ணிடலாம்.

#23 · உசிலம்பட்டி காத்து

தாமதமா வர்றேன், என் வண்டி வேற மாதிரி. லிவர் இழுக்கும்போது சரியா விடுது, கையை விட்டா திரும்பப் பூட்டிக்குது. இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்க, வெளிய ஒருத்தர் தூக்கினா திறக்குது. இதுவும் ரப்பரா?

#24 · பத்தாம் நம்பர் ஸ்பேனர்

நேர் எதிர். உங்களுக்கு மேல தள்ளுற பலம் பத்தல. பின்ல இருக்கிற சுருள் ஸ்பிரிங் உக்காந்திருக்கும், இல்லன்னா ரப்பர் தேஞ்சு போயிருக்கும், இல்லன்னா கீல் இறுகியிருக்கும். பானட்டைத் தூக்கிப் பாதியில விட்டுப் பாருங்க. கீல் இறுகியிருந்தா கீழ வராம அங்கயே தொங்கும். கீலுக்கு எண்ணெய் விட்டு இருபது தடவை ஏத்தி இறக்குங்க. தொங்கலைன்னா ஸ்பிரிங்கை மாத்துங்க. லாக்கை மாத்தச் சொன்னா மாத்தாதீங்க.

#25 · டிங்கர் பட்டறை

உசிலம்பட்டியா? ஆடி மாசத்துல இந்த வேலை பார்க்கிறதா இருந்தா வண்டி மூக்கைக் காத்து வர்ற பக்கம் நிறுத்தாதீங்க. பின்பக்கம் காத்துக்குக் காட்டி நிறுத்துங்க. முன்னால இருந்து காத்து புகுந்தா பானட் ஸ்டாண்ட் கம்பியை விட்டு எழும்பி, கண்ணாடி மேல மடங்கி விழும். கீலும் போச்சு, கண்ணாடியும் போச்சு.

#26 · மாட்டுத்தாவணி லோடு

அளந்தாச்சு, ஒன்றரைச் சாண்ல பூட்டுது. கொக்கியும் பிடிக்குது. ஒரே ஒரு கேள்வி: பட்டை மேல விழுற வைக்கோல், சருகு உள்ள போகாம இருக்க லாக் மேல ரப்பர் ஷீட் ஒட்டலாமா?

#27 · ஒத்தக்கடை டிப்பர்

ஒட்டலாம், பழைய டியூப் ரப்பர்ல உள்ளங்கை அளவு. பின் இறங்குற ஓட்டைக்குப் பின்னைவிட ஒரு விரல்கடை கூடுதலா வட்டம் வெட்டுங்க. ஒரு ஓரத்தை மட்டும் ஒட்டுங்க, தூக்கித் தட்டிச் சுத்தம் பண்ண. நாலு ஓரமும் ஒட்டினா மழைத் தண்ணி அடியில நின்னு துருப்பிடிக்கும்.

லாக் போல்ட்டை ஒரு வாரம் ஓட்டினபிறகு மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பாருங்க. நகர்த்தி மாட்டின லாக் புது இடத்துல உக்காரும்போது லேசா தளரும்.